முதல் மெழுகுவர்த்தி: உருட்டுவதா, ஊற்றுவதா, வார்ப்பதா, தோய்ப்பதா?

வீட்டில் மெழுகுவர்த்தி செய்து பழக விரும்புகிறவர் முதலில் கேட்கும் கேள்வி, பெரும்பாலும் எந்த மெழுகை வாங்குவது என்பதாகவே இருக்கிறது. கேள்வி நியாயமானதுதான், ஆனால் அது இரண்டாவதாக வரவேண்டியது. எந்த வடிவத்தில் செய்யப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்துகொண்டால், மெழுகு, திரி, பாத்திரம் ஆகியவை பாதிக்கு மேல் தாமாகவே முடிவாகிவிடும். அவசரப்பட்டு மெழுகை முதலில் வாங்கிவிடுகிறவர், குவளையில் ஊற்றுவதற்கென்று மென்மையாகத் தயாரிக்கப்பட்ட மெழுகை அச்சில் ஊற்றி, அது மூலைகளில் உடைந்தும் பக்கங்களில் ஒட்டிக்கொண்டும் வெளியே வருவதைப் பார்த்து, தம் கைக்குத்தான் இந்த வேலை வரவில்லை என்று எண்ணிவிடுகிறார். அவர் கையில் குறை எதுவும் இல்லை. அந்த மெழுகு அந்த வேலைக்கு உரியதன்று, அவ்வளவே.

தொடக்கக்காரர் முன் இருக்கும் வழிகள் நான்கு. தேன்மெழுகுத் தகட்டைத் திரியைச் சுற்றி உருட்டலாம். உருகிய மெழுகைக் குவளையில் ஊற்றி, அந்தக் குவளையிலேயே எரிக்கலாம். அச்சில் வார்த்து, இறுகிய பின் தனியே நிற்கும் மெழுகுவர்த்தியாக எடுக்கலாம். அல்லது திரியை உருகிய மெழுகில் பலமுறை தோய்த்தெடுத்துப் பருமனாக்கலாம். இவற்றை ஒப்பிடும்போது செலவும் அழகும் மட்டும் போதிய அளவுகோல்கள் ஆகமாட்டா என்பது என் எண்ணம். செய்த தவறு எவ்வளவு விரைவில் கண்ணுக்குத் தெரிகிறது, தெரிந்த பின் அதே மெழுகை மீண்டும் உருக்கித் திருத்திக்கொள்ள முடிகிறதா என்ற இரண்டையுமே நான் முதன்மையாகப் பார்க்கிறேன். பலர் இந்தப் பொழுதுபோக்கைப் பாதியில் விடுவதற்குக் காரணம், செலவைவிட, எங்கே தவறினோம் என்பது தெரியாமல் போவதுதான்.

உருட்டும் முறையை முதலில் சொல்லிவிடலாம், ஏனெனில் அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. தேன்கூட்டின் அறுகோண வார்ப்பு பதிந்த தகடுகள் பொதுவாகச் சுமார் 20 செ.மீ. அகலமும் 40 செ.மீ. நீளமும் கொண்டவையாக விற்கப்படுகின்றன. அடுப்பு வேண்டாம், வெப்பமானி வேண்டாம், தராசும் வேண்டாம். அகலத்தைவிட இரண்டு செ.மீ. நீளமாகத் திரியை வெட்டி, ஓரத்தில் வைத்து, முதல் சுற்றை மட்டும் இறுக்கமாக மடித்துவிட்டால், மீதியை உள்ளங்கை பார்த்துக்கொள்ளும். தகடு குளிர்ந்திருந்தால் விரிசல் விடும். சற்று நேரம் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் துணிபோல் வளையும். சுற்றுகளுக்கிடையே காற்று தங்கினால் மெழுகுவர்த்தி வேகமாகவும் ஒருபக்கமாகவும் எரிந்து வழியும். குழந்தைகளோடு சேர்ந்து செய்வதற்கும், இந்த வேலை நமக்குப் பிடிக்கிறதா என்று ஒரு மாலைப்பொழுதில் தெரிந்துகொள்வதற்கும் இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் உருக்குதல், ஊற்றுதல், திரியின் அளவைத் தேர்தல் ஆகிய மூன்றும்தான் இந்தக் கலையின் உடல் என்பதால், உருட்டுவதிலேயே நின்றுவிடுகிறவர் அதன் வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

மறுகோடியில் இருப்பது தோய்த்தெடுக்கும் முறை. மிகப் பழைய முறை. ஒரே திரியின் இரண்டு முனைகளிலும் இணையாகத் தொங்கும் மெழுகுவர்த்திகள் ஒவ்வொரு முழுக்கிலும் சிறிது சிறிதாகப் பருத்து வருவதைப் பார்ப்பது மனத்துக்கு மிகவும் நிறைவு தருவது. எனினும் முதல் முயற்சிக்கு இதை நான் பரிந்துரைக்கமாட்டேன். 20 செ.மீ. உயர மெழுகுவர்த்தி வேண்டுமென்றால் அதைவிட ஆழமான பாத்திரம் நிறைய உருகிய மெழுகு இருக்க வேண்டும்; மெழுகுவர்த்திக்குள் போவது அதில் ஒரு சிறு பங்குதான், மீதியெல்லாம் ஆழத்துக்காக நிரப்பப்பட்டது. மெழுகின் சூடு ஏறக்குறைய 70 பாகை செல்சியஸில் நிலையாக இருக்க வேண்டும். கூடினால் முன்பு படிந்த அடுக்கே கரைந்து போகும், குறைந்தால் முண்டும் முடிச்சுமாகப் படியும். இருபது முப்பது முழுக்குகள் வரை அந்தச் சூட்டைக் கட்டிக் காப்பது, வெப்பமானியைப் பார்க்கும் பழக்கம் கைக்கு வந்த பிறகு செய்யவேண்டிய வேலை.

ஆகவே உண்மையான போட்டி குவளைக்கும் அச்சுக்கும் இடையில்தான். இந்த இரண்டையும் ஒப்பிடும்போது மெழுகின் பேச்சைத் தவிர்க்க முடியாது.

பாரஃபின் என்பது பெட்ரோலியத்திலிருந்து பிரித்தெடுக்கப்படுவது. 1830-இல் ஜெர்மானிய வேதியியலாளர் கார்ல் ஃபான் ரைஷென்பாக் இதைத் தனியே பிரித்தறிந்தார். தெளிவாக எரியும், வண்ணத்தை ஏற்கும், மணத்தை நன்றாக வெளிவிடும். ஆனால் தனியாக இருக்கும்போது எளிதில் வளைந்துகொடுக்கும். கொழுப்பிலிருந்து கிடைக்கும் ஸ்டியரிக் அமிலத்தைச் சேர்த்ததும் அக்குறை தீர்ந்தது. இன்றும் அச்சில் வார்க்கும் பாரஃபினில் பத்தில் ஒரு பங்குவரை ஸ்டியரிக் அமிலம் சேர்க்கிறார்கள். அது மெழுகைக் கெட்டியாக்கி, பால்வெண்மை தந்து, அச்சிலிருந்து எளிதாக விடுபடவும் செய்கிறது. சோயா மெழுகு சோயா எண்ணெயை ஹைட்ரஜனேற்றம் செய்து கெட்டிப்படுத்தியது. 1990-களில்தான் மெழுகுவர்த்திக்கென்று புழக்கத்துக்கு வந்தது. குவளைக்கென்று விற்கப்படும் வகை ஏறக்குறைய 50 பாகையிலேயே உருகத் தொடங்கும், இறுகிய பிறகும் வெண்ணெய்போல் மென்மையாக இருக்கும். தேன்மெழுகு 62 முதல் 64 பாகை வரையில் உருகுவது, விலை கூடியது, தனக்கென்று இனிய மணம் உடையது, பாகுத்தன்மை மிகுந்ததால் பருத்த திரியைக் கேட்பது. அதை நான் உருட்டும் தகடுகளோடு நிறுத்திக்கொள்ளச் சொல்வேன். உருக்கி ஊற்றிப் பிழைவிட்டுப் பழகுவதில் வீணாக்கக்கூடாத அளவுக்கு அது விலைமிக்க பொருள்.

சோயா இயற்கையானது, ஆகவே கரி விடாது; பாரஃபின் செயற்கையானது, ஆகவே கரி விடும் என்ற பேச்சை வாசகர் நிறையக் கேட்டிருப்பார். இந்த அடிப்படையில் முடிவு செய்ய வேண்டாம் என்று வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். எந்த மெழுகானாலும், திரி நீண்டோ பருத்தோ இருந்து, வரும் ஆவி முழுவதும் எரிவதற்குப் போதிய காற்று சுடருக்குக் கிடைக்காதபோது கரி விடும். திரி சரியாக இருக்கும்போது இரண்டும் நன்றாகவே எரிகின்றன. சோயாவைத் தேர்வதற்கு வேறு நல்ல காரணங்கள் இருக்கின்றன: குறைந்த சூட்டில் வேலை முடிகிறது, மேசையிலும் பாத்திரத்திலும் சிந்தியது வெந்நீருக்கும் சோப்புக்கும் போய்விடுகிறது, இறுகும்போது பாரஃபினைப்போல் மிகவும் சுருங்குவதில்லை.

அந்தச் சுருக்கத்தைச் சற்று அருகில் சென்று பார்க்க வேண்டும், ஏனெனில் அச்சில் வார்ப்பவரின் பெரும்பாலான துன்பங்கள் அங்கிருந்துதான் வருகின்றன. உருகிய பாரஃபின் இறுகும்போது அதன் கன அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக்கூடும். வெளிப்புறம் முதலில் இறுகிவிடுவதால், அது அசைய இடமின்றி நிற்க, நடுவில் உள்ள மெழுகு வெளிநோக்கி இழுக்கப்பட்டு, திரியைச் சுற்றி ஒரு குழி விழுகிறது. சில வேளைகளில் மேற்பரப்பு சமமாக இருந்தும் உள்ளே குகைபோல் ஒரு வெற்றிடம் இருக்கும். நான் அச்சில் வார்த்த முதல் மெழுகுவர்த்தி அப்படிப்பட்டது. மேலே கண்ணாடிபோல் வழவழப்பாக இருந்தது. ஏற்றி ஒரு மணி நேரத்துக்குள் சுடர் திடீரென்று இரண்டு விரற்கடை கீழே இறங்கி, உருகிய மெழுகு முழுவதையும் அந்தக் குகை விழுங்கிக்கொண்டது. இதற்கு மருந்து இருக்கிறது. மெழுகு பாதி இறுகும்போது திரியையொட்டி இரண்டு மூன்று இடங்களில் மெல்லிய குச்சியால் ஆழமாகத் துளையிட்டு, குழி விழுந்த பின், முதலில் ஊற்றியதைவிடச் சற்றுச் சூடான மெழுகை இரண்டாம் முறை ஊற்ற வேண்டும். எப்போது துளையிடுவது, எப்போது மீண்டும் ஊற்றுவது என்பதெல்லாம் கைப்பழக்கம். அச்சின் அடியில் திரி நுழையும் துளையை ஒட்டுமாவால் அடைப்பதும் அப்படித்தான். அடைப்பு சரியில்லாவிட்டால் மெழுகு முழுவதும் மேசையில் தேங்கி நிற்கும்.

அச்சுக்கு ஒரு பெரிய நன்மை உண்டு என்பதையும் மறைக்கக்கூடாது: தவறு அன்றைக்கே தெரிந்துவிடும். மேற்பரப்பில் குமிழியோ குழியோ விரிசலோ இருந்தால், எடுத்த கையோடு உடைத்து மீண்டும் உருக்கலாம். வடிவம், வண்ணம், அடுக்கு ஆகியவற்றில் மனம் செல்கிறவர், மணத்தைப் பற்றிக் கவலைப்படாதவர், ஒரு நாள் முழுவதையும் கைவேலைக்கு ஒதுக்கக்கூடியவர் ஆகியோர் நேராக அச்சுக்கே போகலாம், அவர்களைத் தடுக்கமாட்டேன். மற்றவர்களுக்கு, அதாவது பெரும்பாலானவர்களுக்கு, குவளைதான் என் பரிந்துரை. குவளை மெழுகைத் தாங்கிக்கொள்கிறது, வழிவதில்லை, அச்சிலிருந்து எடுக்கும் போராட்டம் இல்லை. மேலே குழி விழுந்தால் முடிஉலர்த்தியின் சூட்டைக் காட்டிச் சமப்படுத்திவிடலாம். சோயாவின் மேல் உறைபனிபோல் வெண்படலம் படர்வதும், கண்ணாடியின் உட்புறம் சில இடங்களில் மெழுகு விலகி ஈரம்போல் தெரிவதும் தொடக்கக்காரரை மிகவும் வருத்துகின்றன. முதலாவது அந்த மெழுகு படிகமாகும் இயல்பு. இரண்டாவது குளிரும்போது ஏற்படும் பிடிப்பின்மை. இரண்டும் எரிவதைப் பாதிப்பதில்லை.

குவளையின் வழியில் எல்லாப் பாடமும் ஒரே இடத்தில் வந்து குவிகிறது: திரியில். எரிவது திரி என்று தோன்றினாலும், உண்மையில் எரிவது திரி உறிஞ்சி மேலேற்றிய மெழுகின் ஆவி. மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகையில், திரிக்கு இரண்டு மூன்று செ.மீ. மேலே தீக்குச்சியைக் காட்டினால், சுடர் அந்தப் புகை வழியே ஓடித் திரியில் மீண்டும் பற்றிக்கொள்வதைப் பார்க்கலாம். மைக்கேல் ஃபாரடே 1860-ஆம் ஆண்டு இறுதியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் இளையோருக்கு ஆற்றிய சொற்பொழிவுகளில் இதைச் செய்து காட்டினார். 1820-களில் பிரான்சில் காம்பசேரே என்பவர் பின்னல் திரியைக் கொண்டுவருவதற்கு முன்பு, முறுக்கிய திரியின் கருகிய நுனி சுடருக்குள்ளேயே நிமிர்ந்து நின்று வளர்ந்துகொண்டிருந்ததால், அதை அடிக்கடி கத்தரிக்க வேண்டியிருந்தது. பின்னிய திரி எரியும்போது வளைந்து, சுடரின் வெப்பம் மிகுந்த விளிம்புக்குத் தன் நுனியை நீட்டித் தானே எரிந்துபோகிறது.

திரி சிறியதாக இருந்தால் நடுவில் மட்டும் கிணறுபோல் உருகி, ஓரத்து மெழுகு அப்படியே நின்றுவிடும். பெரியதாக இருந்தால் சுடர் நீண்டு துடித்து, நுனியில் காளான்போல் கரிக்கட்டி பூத்து, கண்ணாடியின் விளிம்பு கறுத்து, குவளை தொட முடியாதபடி சுடும். சரியான திரி என்றால், உருகிய மெழுகின் வட்டம் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 2.5 செ.மீ. விட்டம் என்ற கணக்கில் பெருகி, 7 செ.மீ. குவளையில் ஏறக்குறைய மூன்று மணி நேரத்தில் ஓரத்தைத் தொடும். அதன் ஆழம் ஒரு செ.மீட்டரைத் தாண்டாது. திரி விற்பவர்கள் தரும் அட்டவணை நம்மை அக்கம்பக்கம்வரை கொண்டுவந்து விடும். அதற்கு மேல் எரித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். ஆகவே ஒரே அளவுள்ள மூன்று குவளைகளை எடுத்து, ஒரே மெழுகை ஊற்றி, அட்டவணை சொல்லும் திரியை ஒன்றிலும், அதற்கு ஒரு படி சிறியதையும் ஒரு படி பெரியதையும் மற்ற இரண்டிலும் வைக்க வேண்டும். இந்த மூன்று குவளைகளும் கற்றுத் தருவதை, வெவ்வேறு வடிவத்தில் செய்த பத்து மெழுகுவர்த்திகள் கற்றுத் தரமாட்டா.

இங்கேதான் நறுமணம் குறித்த முடிவும் வருகிறது. மணமுள்ள மெழுகுவர்த்திக்காகவே பலர் இந்த வேலைக்கு வருகிறார்கள் என்பது தெரியும். இருந்தாலும் முதல் மூன்றை மணமின்றியே செய்யுங்கள். சோயாவில் கலந்த நறுமண எண்ணெய் முழுமையாக வெளிப்பட ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆறவிட வேண்டும். பாரஃபினுக்குச் சில நாட்கள் போதும். மணமில்லாத குவளையையோ இரண்டாம் நாளே ஏற்றித் திரியைச் சோதித்துவிடலாம். மேலும், நறுமண எண்ணெய் சேர்ந்தால் எரியும் இயல்பே மாறும். சில எண்ணெய்கள் திரியை அடைத்துச் சுடரைச் சுருக்கும். மெழுகு, திரி, மணம் என மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால், தவறு எதனுடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? திரி தெரிந்த பின், மெழுகின் எடையில் 6 விழுக்காடு என்று தொடங்கி, மீண்டும் ஒருமுறை எரித்துப் பார்க்கலாம். மெழுகுவர்த்திக்கென்று தயாரிக்கப்பட்ட நறுமண எண்ணெய்தான் தொடக்கத்துக்கு ஏற்றது; தாவரங்களிலிருந்து வடிக்கும் தைலங்கள் சூட்டில் விரைவாக ஆவியாகி, செலவுக்கேற்ற மணத்தைத் தருவதில்லை. வண்ணத்துக்கும் மெழுகுக்குரிய சாயமே வேண்டும். வரையும் மெழுகுக்குச்சியின் நிறமித் துகள்கள் திரியை அடைத்துவிடும், உணவில் சேர்க்கும் நீர்ச்சாயம் மெழுகோடு கலக்கவே கலக்காது.

எல்லாம் அடங்கிய பெட்டியாக வாங்குவதா, தனித்தனியாக வாங்குவதா என்பதில் நான் தனித்தனியாக வாங்குவதன் பக்கம். பெட்டியில் அழகிய தகரக் குவளைகளும் நாலைந்து மணக்குப்பிகளும் இருக்கும். மாற்றிப் பார்க்க வேறு அளவுத் திரி பெரும்பாலும் இருக்காது. அந்தப் பணத்தைத் தராசிலும் வெப்பமானியிலும் போடுவது நல்லது. மெழுகைக் கரண்டிக் கணக்கில் அளக்கக்கூடாது, எடையில்தான் அளக்க வேண்டும். குவளையில் எதுவரை மெழுகு வேண்டுமோ அதுவரை தண்ணீர் ஊற்றி, அந்தத் தண்ணீரின் எடையை 0.9-ஆல் பெருக்கினால் தேவையான மெழுகின் எடை கிடைக்கும். 200 கிராம் தண்ணீர் பிடிக்கும் குவளைக்கு ஏறக்குறைய 180 கிராம் மெழுகு; பின்னாளில் 6 விழுக்காடு மணம் சேர்க்கும்போது, சுமார் 11 கிராம் எண்ணெய். ஊற்றும் முன் குவளையை ஈரமின்றித் துடைத்துவிட வேண்டும். குவளை கனமான, சூடு தாங்கும் கண்ணாடியாக இருக்கட்டும். மெல்லிய கண்ணாடி, மரக்கிண்ணம், பிளாஸ்டிக் ஆகியவை எந்த நிலையிலும் வேண்டாம்.

உருக்குவதற்கு நேரடி அடுப்புச் சூடா, வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்த இன்னொரு பாத்திரமா என்பதில் மட்டும் ஒப்பீட்டுக்கு இடமே இல்லை. தண்ணீர் சூடேறினால் கொதித்து நமக்குச் சொல்லிவிடும். மெழுகு அப்படிச் சொல்லாது. 100 பாகையைத் தாண்டியும் அமைதியாகவே கிடந்து, புகையத் தொடங்கும்போதுதான் நிலைமை புரியும். ஏறக்குறைய 200 பாகையையொட்டி அதன் ஆவி தீப்பற்றக்கூடும். வெந்நீருக்குள் நிற்கும் பாத்திரம் 100 பாகையைத் தாண்ட முடியாது. அதனால்தான் இந்த முறை. அடிப்பாத்திரத்தில் தண்ணீர் வற்றாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மெழுகு அடுப்பில் இருக்கும்வரை வேறு வேலைக்குப் போகக்கூடாது. தப்பித்தவறி மெழுகு தீப்பற்றினால், அடுப்பை அணைத்து, பாத்திரத்தைப் பொருந்தும் மூடியால் மூடிவிட வேண்டும். பாத்திரத்தைத் தூக்கவே கூடாது. தண்ணீர் ஊற்றுவது பெருந்தவறு: மெழுகைவிடக் கனமான தண்ணீர் அடியில் போய் நொடியில் நீராவியாகப் பொங்கி, எரியும் மெழுகைச் சுற்றிலும் வீசியெறியும். மிஞ்சிய மெழுகைக் கழுவுதொட்டியில் கொட்டினால் குழாயில் இறுகி அடைத்துக்கொள்ளும். காகிதத்தில் ஊற்றி ஆறவைத்து எடுத்துவைத்தால் அடுத்த முறைக்கு உதவும்.

சோதித்துப் பார்க்கும் நாளில், மூன்று குவளைகளின் திரிகளையும் 5 அல்லது 6 மி.மீ. உயரத்துக்கு வெட்டி, காற்றோட்டம் நேராக வீசாத இடத்தில், இடைவெளி விட்டு வரிசையாக வைத்து ஒரே நேரத்தில் ஏற்றுங்கள். ஒவ்வொரு மணிக்கும் உருகிய வட்டத்தின் விட்டத்தையும் சுடரின் உயரத்தையும் குறித்துவையுங்கள்; நான்கு மணி நேரத்துக்கு மேல் எரிய விடாதீர்கள், எரியும்போது அறையை விட்டு விலகாதீர்கள். குளிர்ந்து முழுவதும் இறுகிய பின் திரியை மீண்டும் வெட்டி ஏற்றி, அடியில் ஒரு செ.மீ. மெழுகு மிஞ்சும்வரை இதைத் தொடர வேண்டும், ஏனெனில் பாதிவரை ஒழுங்காக எரிந்த குவளை, கண்ணாடி சூடேறிய பிற்பகுதியில் அளவுக்கு மீறி உருகுவது வழக்கம். முதல் எரிப்பில் ஓரத்தை அரை செ.மீ. தொடாமல் விட்ட திரி, இரண்டாம் மூன்றாம் எரிப்பில் அதைத் தானே உருக்கிக்கொண்டு வந்தால், அந்தத் திரியையே தேர்ந்தெடுங்கள். முதல் மணியிலேயே ஓரம்வரை உருக்கிவிட்ட பெரிய திரியை ஒதுக்கிவிடுங்கள்.

அந்தக் குவளைக்கு உரிய திரி தெரிந்த பிறகு, மணம் சேர்த்து ஒரு சோதனை, அதன்பின் வேறு விட்டமுள்ள குவளையில் ஒரு சோதனை. அதற்குள் வெப்பமானியைப் பார்க்கும் கண்ணும் பதறாமல் ஊற்றும் கையும் வந்திருக்கும். பாரஃபினையும் ஸ்டியரிக் அமிலத்தையும் வாங்கி, நேர்ப்பக்கங்கள் கொண்ட எளிய உருளை அச்சு ஒன்றில் வார்த்துப் பார்க்க அதுதான் சரியான வேளை.